நாயிடம் கேட்ட மன்னிப்பு

கிளைவ் ஆர்மராடுக்கு இலக்கணம்தான் குலதெய்வம். யார்க்‌ஷயரின் சின்ன ஊர் ஒன்றில் வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கடைப் பலகையில் ஓர் எழுத்து பிசகினாலும் சாக்பீஸோடு உள்ளே நுழைந்துவிடுவார். காய்கறிக் கடைக்காரர் அவர் தலையைக் கண்டாலே பின்பக்கம் ஒளிந்துகொள்வார்.

பெற்ற ஒரே பிள்ளை ரோவனுக்கு லீட்ஸில் வேலை. "நான் ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. இனிமே என்னை 'அவ'ன்னு சொல்லாதீங்கப்பா, 'அவங்க'ன்னு சொல்லுங்க" என்று ரோவன் கேட்டதும் மனிதர் எகிறிக் குதித்தார். "ஒத்த ஆளுக்கு எப்படி 'அவங்க' வரும்? மொழியைக் கொலை பண்ணச் சொல்றியா?" தமிழில் பக்கத்து வீட்டு அக்காவுக்கே வருகிறது, அதை அவரிடம் யார் சொல்வது! அன்றோடு பேச்சு நின்றது.

மனைவி மாரீன் அழுது மன்றாடித்தான் ரோவனை இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரவழைத்தாள். வாசலிலேயே ரோவன் சொல்லிவிட்டார்: "இன்னிக்காவது சரியாச் சொல்லுங்கப்பா. இல்லேன்னா இந்த வீட்டுக்கு இதுதான் கடைசி."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் கிளைவ்.

மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்க, அப்பாவும் பிள்ளையும் பூங்காவுக்கு நடந்தார்கள். எதிரே ஹெஸ்கெத் அம்மாள், புது நாயோடு. அந்த ஊரில் நாயை 'அது' என்று சொன்னவன் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள்.

"அடடே, என்ன அழகா இருக்கான் பயல்!" என்று கிளைவ் தடவிக்கொடுத்தார்.

"பயல் இல்ல கிளைவ், இவ பொண்ணு."

கிளைவ் முகம் சிவந்துபோனது. மூட்டுவலியையும் பாராமல் மண்டியிட்டார். "ஐயையோ, மன்னிச்சுக்கம்மா! என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பாவம், அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

நாய் அவர் மூக்கை நக்கியது. மனம் குளிர்ந்து எழுந்தவர், "இவ என் மக, லீட்ஸ்ல இருக்கா" என்று ரோவனைக் காட்டினார்.

ரோவன் சண்டை போடவில்லை. நாயின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, ரயில் நிலையத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

கிளைவ் தனியாகத்தான் வீடு திரும்பினார். மாரீன் மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தாள்.

"ரோவன் எங்க?"

"அவ போயிட்டா" என்றவர், பூங்காவில் நடந்ததை முணுமுணுத்தார்.

மாரீன் ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"என் பிள்ளை நாலு காலோட பொறந்திருக்கலாம். இந்நேரம் இங்க உக்காந்து சாப்பிட்டிருக்கும்."