சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய மோட்டார்

என் கணவருக்கு இரண்டு உடம்பு என்று நான் சொல்வதுண்டு. பகல் முழுக்கப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சாரலில் நனைந்துவிட்டு, சாயங்காலம் ஜீப்பில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் உடம்பு வெந்நீர் கேட்கும். குளித்து முடித்த கையோடு இரண்டாவது உடம்பு, "என்னா வெக்கை இது" என்று ஏசியைப் போடும். மலைக்குளிருக்கும் கரண்டு, ஊர் வெக்கைக்கும் கரண்டு. அப்படிப்பட்ட மனிதர்தான் ஒருநாள் போனில் ஈபி பில்லைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாள் முச்சூடும் வீட்ல என்னதான் ஓட்டுற?"

எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டில் எந்தச் சுவிட்சு எதற்கென்று இருட்டில்கூடத் தடவிச் சொல்வேன். "அடுத்த பில்லு குறையும். குறையலைன்னா அப்பக் கேளுங்க" என்றேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பிரிட்ஜு சுவரோடு ஒட்டி நின்று மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. அதை முன்னால் இழுத்துப்போட்டேன். அதன் கதவு ரப்பர் நைந்து குளிர் வெளியே கசிந்தது. புது ரப்பர் மாட்டச் சொன்னேன். பழைய டியூப்லைட்டுகள் போய் எல்இடி வந்தது. துணி தேய்ப்பது வாரத்துக்கு ஒரே தடவை. கணவர் மலையிலிருந்து கிளம்பும்போதே ஹீட்டரைப் போடும் வழக்கத்தை நிறுத்தி, "மலையடியில முந்தல் செக்போஸ்ட் தாண்டுனதும் போன் போடுங்க, அப்பத்தான் போடுவேன். தேவப்பட்டாத்தான போடணும்" என்றேன். ஏசி குளிரை இருபத்தாறில் வைத்து, கூடவே ஃபேனைச் சுற்றவிட்டேன். அவர் முணுமுணுத்தார். ஆனால் தூங்கிவிட்டார்.

அடுத்த பில்லு வந்தது. குறைந்திருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவில் பாதிகூட இல்லை. கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்கிறது.

ஒரு முற்பகலில் அவர் மலைக்குப் போனபின், வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிரிட்ஜு, டிவி, அதன் பெட்டி, சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பு எல்லாம். பிறகு வாசலில் மீட்டர் முன்னால் போய் நின்றேன். கரண்டு ஓடினால்தான் அதில் சிவப்பு விளக்கு சிமிட்டும். அது சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதுவும் சும்மா இல்லை, படபடவென்று.

மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். அந்தக் கணமே, கொல்லைப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த தடதடச் சத்தம் நின்றது.

அந்தச் சத்தம் எங்கள் வீட்டுடையது அல்ல. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், என் கணவரின் அண்ணன் வீட்டுப் போர் மோட்டார் அது. மெயினை ஏற்றினேன், தடதட. இறக்கினேன், அமைதி. திரும்ப ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அழுகையும் வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை.

ஒரே வீடாக இருந்தது. தோட்டத்தைப் பிரித்தபோது வார்த்தை முற்றி, வீட்டையும் நடுவில் சுவர் வைத்துத் தடுத்தார்கள். போர் அவர்கள் பங்குக்குப் போனது. எங்களுக்கு நகராட்சித் தண்ணீர் போதும் என்றார் என் கணவர். அவர்களுக்குத் தனி மீட்டர் வந்தது. வயரிங்கைப் பிரித்த ஆள் மோட்டாருக்குப் போகும் பழைய வயரை மட்டும் எங்கள் போர்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் கணவரின் முகம் சிவந்தது. "திருட்டுக் கரண்டா? நாளைக்கே ஈபி ஆபீசுல எழுதிக் குடுக்கிறேன்."

"அவுகளுக்கே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்த வீட்டு அக்கா மோட்டார இப்பிடிச் சத்தமா ஓட்டிட்டு, சுவத்துக்கு அங்கிட்டு நிம்மதியா உக்காந்திருக்குமா? நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"நீ போவியா, அங்க?"

"போவேன். என் வீட்டுக் கரண்டு அங்க போயிட்டு வருது, நான் போகக்கூடாதா?"

மறுநாள், சுவர் எழும்பியபின் முதல் தடவையாக அந்த வாசலில் ஏறினேன். என் ஓர்ப்படியாள், மூத்தவரின் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. சொன்னேன். அவள் முகம் இறுகியது.

"ஏத்தா, நாங்க திருடறோங்கிறியா?"

"இல்லக்கா. நான் சொல்றத நீங்க நம்பவும் வேணாம். மோட்டார போட்டுட்டு இங்கயே நில்லுங்க. நான் போய் என் மெயின எறக்குறேன். நிக்குதா ஓடுதான்னு நீங்களே பாருங்க."

வீட்டுக்கு ஓடினேன். இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"போதும்த்தா! போதும்! நின்னு நின்னு ஓடுது!"

திரும்பிப் போனபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "இத்தன நாளு உன் கரண்டுலயா குளிச்சோம்" என்றாள் மெதுவாக. எழுந்து உள்ளே போய் எனக்குக் காபி போட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

காபி குடிக்கும்போதுதான், மோட்டார் ஏன் நாள் முழுக்க ஓடுகிறது என்று கேட்டேன். "தொட்டி நெறைய மாட்டேங்குது. போர்ல தண்ணி கீழ போயிருச்சின்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாக" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பக்கம் சுவரோரமாக நான் வைத்திருந்த வாழை, கோடையிலும் தளதளவென்று நிற்கும். என் கைராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, தண்ணி கீழ போகல. எங்க வீட்டுக்கு வருது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்து சுவரடியில் தோண்டினார். சுவருக்கு அஸ்திவாரக் குழி தோண்டியபோது கடப்பாரை பட்டு, தொட்டிக்குப் போகும் குழாய் விரிந்திருந்தது. மேலே ஏறிய தண்ணீரைவிட மண்ணுக்குள் போனதுதான் அதிகம். குழியைப் பார்க்க அண்ணனும் தம்பியும் வந்தே ஆக வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் குழியையே பார்த்தார்கள். கடைசியில் என் கணவர்தான், "அண்ணே, ஏலக்கா போன வாரம் என்ன வெலைக்குப் போச்சு?" என்று கேட்டார். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவால்ல அப்பு, ஏறுமுகந்தான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதும்.

எலெக்ட்ரீசியன் மோட்டார் வயரை அவர்கள் மீட்டருக்கு மாற்றினார். குழாய் சரியானதும், அவர்கள் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் மோட்டாரை ஓட்டினார்கள். தொட்டி நிரம்பி வழிந்தது. போன பில்லுக்கெல்லாம் என்ன செய்வது என்று அக்கா கேட்டபோது, "நகராட்சித் தண்ணி நின்னா உங்க தொட்டியிலருந்து எனக்கு ஒரு பைப்பு குடுங்க" என்றேன். சுவரில் ஒரு ஓட்டை போட்டு அன்றைக்கே கொடுத்தாள்.

அதன்பிறகு அவள் வீட்டையும் நான்தான் பார்த்துச் சொன்னேன். பிரிட்ஜை எங்கே நகர்த்துவது, எந்த ஃபேன் அதிகமாக இழுக்கிறது எல்லாம். ஒரு சங்கதி மட்டும் ஒரு வீட்டால் முடியாதது என்று தெரிந்தது. மொட்டைமாடித் தளம் வெயிலில் காய்ந்து, ராத்திரி வரை வீட்டுக்குள் சூட்டை இறக்கும். சுண்ணாம்பு அடித்தால் குறையும். ஆனால் அந்தத் தளம் ஒரே தளம். அதன்மேல் யாரும் சுவர் வைக்கவில்லை.

"பாதியில கோடு போட்டா அடிக்கிறது?" என்று அக்கா சத்தமாகக் கேட்டாள், இரண்டு ஆண்களின் காதிலும் விழும்படி.

பங்குனி வெயில் ஏறுமுன் அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். நாங்கள் கீழே சுண்ணாம்பும் பசையும் கலக்கி வாளி வாளியாகக் கொடுத்தோம். மேலே முதலில் சுண்ணாம்பு மட்டை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அங்கிட்டு விட்டுட்ட பாரு" என்று மூத்தவர் குரல். "நீங்க தள்ளுங்கண்ணே, வெரசா முடிச்சிருவோம்" என்று என் கணவர். தளம் முழுக்க வெள்ளையாகி, அதைப் பார்த்தால் கண் கூசியது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் கணவர் படுக்கையறைக்குப் போனார். ஏசி ரிமோட்டைக் கையில் எடுத்தார். தலைக்கு மேலே தளத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மேஜைமேலேயே வைத்துவிட்டு, ஃபேனுக்கடியில் பாயை விரித்தார்.

"வேணாமா?" என்று கேட்டேன்.

"தேவப்பட்டாத்தான போடணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அந்த வார்த்தை என்னுடையது. யார் சொன்னால் என்ன என்று நானும் சேலையை உதறிக்கொண்டு பக்கத்தில் படுத்தேன்.