ஸ்கேனுக்கு முந்தின நாள் தங்கராஜ் அண்ணன் தின்ற சோறு

தங்கராஜ் அண்ணன் போய்விட்டார்... இன்று காலை பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தாராம். ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை.

கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் எங்கள் ஸ்கூல் பஸ் டிரைவர். நான் அதே ஸ்கூலில் ஆபீஸ் கிளார்க்.

எல்.கே.ஜி. பிள்ளை சீட்டில் மூத்திரம் போனால், "தண்ணி பாட்டில் கவுந்ததாக்கும்" என்று அவரே துடைத்துவிடுவார். மற்ற பிள்ளைகள் சிரிக்கக்கூடாதாம்.

போன மாதம் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது மயங்கினார். இதயத் தசையில் வீக்கம் இருக்கலாம், பெட் (PET) ஸ்கேன் எடுத்தால்தான் மருந்து தொடங்க முடியும் என்றார் டாக்டர். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். வீங்கிய இடம் மட்டும் படத்தில் ஒளிரும்.

அதற்கு முந்தின நாள் சோறு, சீனி ஆகாது. முட்டை, மீன் மட்டும்.

அந்த நாள் பார்த்து எங்கள் சர்ச் சபையில் அசனம் என்கிற பொது விருந்து. விருந்துக்கு வராதவர் வீட்டுக்கு ஒரு பொதி சோறு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். நான்தான் கொண்டுபோனேன். மைனி, அதாவது அண்ணனின் மனைவி, அப்போது வீட்டில் இல்லை.

"சோறு தின்னப்பிடாதுன்னு சொல்லியிருக்கு மக்கா..."

"ஜெபிச்ச சோறாக்கும் அண்ணா. ரெண்டு வாய் தின்னா ஒண்ணும் வராது."

என் முகத்துக்காகத் தின்றார். நானும் பக்கத்தில் இருந்து குழம்பு ஊற்றினேன்.

மறுநாள் துணைக்கு நானும் போயிருந்தேன். ஊசிக்கு முன், நேற்று சோறு சாப்பிட்டாரா என்று டெக்னீஷியன் மலையாளத்தில் கேட்டார். "இன்னலெ சோறு கழிச்சோ?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் இதயம் முழுக்க ஒளிர்ந்தது. வீக்கம் எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முந்தின நாள் சோறு தின்றிருந்தால் நல்ல தசையும் அந்தச் சர்க்கரையை இழுத்து ஒளிருமாம். டாக்டர் திரும்பக் கேட்டபோதுதான் அண்ணன் ஒத்துக்கொண்டார்.

மைனி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஒரு நாளு வாயக் கெட்ட முடியல்லியா ஒங்களுக்கு?"

அப்போதும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன் நான்...

மறுபடி ஸ்கேனுக்கு வருகிற வியாழக்கிழமைதான் நாள் கிடைத்திருந்தது.

இப்போது அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். மைனி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி அழுகிறார். "ஒரு பிடி சோத்துக்கு ஆசப்பட்டு உயிரக் களஞ்சாரே..."

மைனி, அவர் ஆசைப்படவில்லை. கொண்டு கொடுத்துத் தின்ன வைத்தது நான். இந்தப் பதிவைப் போட்டுவிட்டு உள்ளே வருகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணா... இனி எனக்காக யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம். போயிட்டு வாங்க.