இரும்பு விலை

தென்கொரியாவின் சியோல் நகரத்தில், சாங்ஷின் மேட்டுத் தெருக்களில் பழைய தையல் மெஷின் வாங்கி விற்பவர் குக் யோங்சிக். எந்த மெஷினையும் முதல் நாள் மட்டம் தட்டிவிட்டு, மறுநாள் வந்து விலை பேசுவது அவர் வழக்கம். தெரிந்தவர்கள் பதிலுக்குச் சண்டை போடுவார்கள்.

மா புன்னே அக்காவுக்குச் சட்டைகளில் காஜா எடுக்கத்தான் தெரியும். எதையும் விற்றுப் பழக்கமில்லை. அவள் விற்க நினைத்த காஜா மெஷினின் சக்கரத்தை யோங்சிக் சுற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் வழுக்கி ஓடியது. மனதுக்குள் நல்ல விலை போட்டுக்கொண்டே, "என்னக்கா இது, இரும்புக் கடைக்காரன்கூட யோசிப்பானே" என்றார். அவள் மெஷினுக்கு உறை போட்டாள்.

மறுநாள் அது அங்கே இல்லை.

"காலையில இரும்பு வண்டி வந்துச்சு முதலாளி. சம்மட்டியால ஒடச்சுத்தான் ஏத்துனான். நீங்களாவது உண்மையச் சொன்னீங்க. எம் மருமவன் நல்ல வெலைக்குப் போகும்னு சும்மா ஆசை காட்டிட்டிருந்தான்" என்று சிரித்தபடி பார்லித் தேநீர் கொடுத்தாள்.

தான் சொன்னது பொய்யென்று சொல்ல யோங்சிக் வாயெடுத்தார். சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டு தேநீரைக் குடித்தார். தாங்கமுடியாதது தனக்குத்தான் என்பது, மேட்டிலிருந்து இறங்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.