கடலில் கட்டித் தொங்கவிட்ட வஞ்சிரம்

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் நானும் என் அக்கா கணவர் அந்தோணி மாமாவும் திருக்கோவிலூர் பேருந்துக்காக நின்றோம். என் கையில் ஒரு துணிப்பை மட்டும். அவர் கையில் இரண்டு தூண்டில் கழிகள், மூடி போட்ட நீல நிற பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் ஈரமண்ணும் மண்புழுவும் நிரப்பிய டப்பா. கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர் ஏரிக்கரையில் தோண்டிய புழுவைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். பசி எடுத்த மீன் ஊர் பேர் விசாரித்துக்கொண்டு தின்னாது என்றார். நடத்துனர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்களைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினார்.

எதற்காக இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் ஜெனிபரைக் கடலூர் முதுநகரில் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து, துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் மேற்பார்வையாளர். கடல் மீனைத் தவிர வேறு மீன் அறியாதவர். போன கோடையில் பெண் பார்க்க வந்தபோது மாமா தன் கையால் பிடித்த ஏரி மீனைக் குழம்பு வைக்கச் சொல்லி விருந்து போட்டார். சவரிமுத்து ஒரு வாய் தின்றார். மிச்சத்தை இலை ஓரத்துக்குத் தள்ளினார். கேட்டதற்கு, சேற்று வாடை கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த மரியாதைதான் மாமாவைக் கொன்றுவிட்டது. அவர் கொத்தனார். வாரத்தில் ஆறு நாள் சாரத்தின் மேல் நிற்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் ஏரிக்கரைதான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவருகிற தண்ணீரில் வளர்ந்த மீனைக் குறை சொன்னால், அவருக்குப் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி. கை கழுவப் போன சம்பந்தியிடம், அடுத்த முறை நீங்கள் வரும்போது என் கையால் பிடித்த கடல் மீன்தான் இலையில் இருக்கும் என்று சொல்லிவிட்டார். சவரிமுத்து சிரித்தார். வீட்டில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. இப்போது கல்யாண நாள் குறிக்க, நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள்.

பேருந்து மணலூர்பேட்டை வழியாகப் போனது. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை டிராக்டர்கள் பிடித்துக்கொண்டன. பெண்ணையாற்றில் மணலுக்கு நடுவே இரண்டு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. இதே ஆறு கடலூருக்குப் பக்கத்தில்தான் கடலில் சேர்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பிறந்தது மணலூர்பேட்டை. ஆற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் முன்னால் போகிறார் என்பதில் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. திருக்கோவிலூரில் வண்டி மாறி, பண்ருட்டியில் முந்திரி வறுக்கும் வாசனையை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் கடலூர் சேர்ந்தோம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அறை வாடகை தொள்ளாயிரம் ரூபாய். கொசு தனி.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் துறைமுகத்தில் எங்கள் படகுக்காரர் கலியமூர்த்தி காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப்பையில் இரண்டு கைபேசிகள், இரண்டிலும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போட அழைத்துப்போவது அவருக்குப் பக்கத் தொழில். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறவிடாது. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். நடுவில் தை, மாசி, பங்குனிதான் இந்தத் தொழிலுக்குப் பருவம் என்றார். பைபர் படகு, பின்னால் இஞ்சின். மதியம் வரை ஆறாயிரம் ரூபாய்; இரையும் ஐஸும் அதிலேயே அடக்கம். மண்புழு டப்பாவைத் திறந்து பார்த்தவர் சிரிக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய் உங்கள் ஏரியிலேயே விட்டுவிடுங்கள் என்று அக்கறையாகச் சொல்லி மூடினார்.

முதலில் ஆழத்துக்குப் போய்விட்டு, வெயில் ஏறியதும் கரைப்பக்கம் திரும்புவது திட்டம். முகத்துவாரம் தாண்டியதும் படகு எழும்பி விழத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் என் காலை இட்லி வங்காள விரிகுடாவில் சேர்ந்தது. கரை மறைந்தபின் என்னையறியாமல் மேற்கே பார்த்தேன். சங்கராபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். திசை கேட்டு நாங்கள் யாரிடமும் போவதில்லை. இங்கே மேற்கும் தண்ணீர், கிழக்கும் தண்ணீர். பயமாகத்தான் இருந்தது. மாமாவைப் பார்த்தேன். படகின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, தூண்டில் எப்போது போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வஞ்சிரத்துக்கு இரையைத் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மினுங்குகிற தகரப் பொய்மீனை நீளமான தூண்டில் நரம்பில் கட்டி, ஓடுகிற படகின் பின்னால் இழுத்துப் போகவேண்டும். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. மீனை ஏமாற்றுவது தப்பில்லை, துரத்திக்கொண்டு போவது என்ன முறை என்று முணுமுணுத்தார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது மணி நேரமும் முடியப்போகும்போது கழி வளைந்தது. நரம்பு சுற்றிய சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. ஏரியில் செய்கிற வழக்கப்படி மாமா வெடுக்கென்று இழுக்கப் போனார்.

"வுடுங்க, வுடுங்க. அது ஓடட்டும்" என்று கலியமூர்த்தி இஞ்சினை அடக்கிக்கொண்டே சொன்னார். "களைச்சுப்போனா அதுவே வரும்."

அது அவ்வளவு சீக்கிரம் களைக்கவில்லை, மாமா களைத்தார். செங்கல் தூக்கிய கை என்பதால் தாக்குப்பிடித்தது. கடைசியில் கொக்கிக்கம்பியால் குத்தித் தூக்கியபோது என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளி நிறத்தில் ஒரு வஞ்சிரம் படகில் விழுந்து துடித்தது. ஆறு கிலோ தேறும் என்றார் கலியமூர்த்தி. மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது; உப்புத்தண்ணீர் தெறித்துவிட்டது என்றார். எனக்கும் தலைசுற்றல் நின்றுவிட்டது. அந்த நிமிடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

கலியமூர்த்தி மீனை ஐஸ் பெட்டியில் போட்டு மூடினார். அந்த ஐஸ் வாங்கிய கம்பெனியின் பெயரைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்; அது சம்பந்தி வேலை பார்க்கும் கம்பெனி. மாமாவின் முகம் மாறிவிட்டது. இங்கே எங்கள் ஊர் விவகாரம் ஒன்றைச் சொல்லவேண்டும். சங்கராபுரத்துக்குக் கடல் மீன் லாரியில் ஐஸ் போட்டு வருகிறது. அதனால் எங்களுக்கு ஐஸ் மீன் என்றாலே பழைய மீன். விருந்தாளிக்கு மீன் என்றால் வாலாட்ட வேண்டும். ஏரியில் பிடித்ததும் செவுள் வழியாக நைலான் கயிற்றைக் கோர்த்து, கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டி, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தூக்கினால் அப்போதுதான் பிடித்ததுபோல் துள்ளும்.

பதினொரு மணிவாக்கில் கரைப்பக்கம் திரும்பி, பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டோம். தண்ணீரின் நிறம் அங்கே கலங்கலாக மாறியிருந்தது. மாமாவுக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். கலியமூர்த்தி முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றோடு ஒரு கைபேசியிலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாமா ஐஸ் பெட்டியைத் திறந்தார். இடுப்பிலிருந்து கோர்வைக் கயிற்றை உருவினார். செவுளில் கோர்த்தார்.

"மாமா, இன்னா பண்றீங்க?" என்றேன்.

"மூச்சு இன்னும் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும் மாப்ள. அவரு கம்பெனி ஐஸ்ல வச்சத அவருக்கே எப்புடிப் போடறது? நம்ம ஆத்துத் தண்ணிதான இது."

கயிற்றைப் படகின் ஓரத்தில் கட்டி, வஞ்சிரத்தைத் தண்ணீரில் இறக்கினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் நல்ல வேட்டை. இறால் துண்டை முள்ளில் மாட்டிப் போட்டால் கிழங்கான் வந்துகொண்டே இருந்தது. நானும் ஏழெட்டுப் பிடித்தேன். வெயிலும் காற்றும் அளவாக இருந்தன. கலியமூர்த்தி தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறும் சுட்ட கருவாடும் கொடுத்தார். கிளம்பலாம் என்று அவர் எழுந்ததும் மாமா பெருமையோடு கயிற்றைத் தூக்கினார். கயிறு லேசாக வந்தது.

தலை மட்டும் இருந்தது. கழுத்துக்குக் கீழே, அரிவாளால் வெட்டியதுபோல் ஒன்றுமில்லை.

கலியமூர்த்தி தலையையும் கயிற்றையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். கூர்ப்பல் சீலா மீனோ சுறாக்குட்டியோ வந்திருக்கும் என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இஞ்சின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. துறைமுகம் வரும்வரை மாமா தலையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விலா வலித்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நெஞ்சும் வலித்தது.

கரையில் இறங்கியதும் கலியமூர்த்தி ஓர் உபாயம் சொன்னார். ஏலக்கூடத்தில் அதே அளவு வஞ்சிரம் கிடக்கிறது. வாங்கி, தலையைத் தள்ளிவிட்டு, உடம்பை இந்தத் தலையோடு சேர்த்துக்கொண்டால் முடிந்தது. அவரே போய்ப் பொருத்தமான மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். நானும் எடுத்துச் சொன்னேன். நாளைக்கு சம்பந்தி முன்னால் வெறும் தலையோடு நிற்க முடியுமா? ஜெனிபர் வாழப்போகிற வீடு. அங்கே ஒவ்வொரு மீன் குழம்புக்கும் இந்தக் கதை பரிமாறப்படும். மாமா அந்த மீனை வெகுநேரம் பார்த்தார்.

"என் கையாலன்னு சொல்லிட்டேன் மாப்ள. இந்தத் தலைதான் என் கையால புடிச்சது."

அவ்வளவுதான். தலையையும் கிழங்கானையும் ஐஸ் போட்டு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டோம். இப்போது ஐஸ் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பும் பேருந்தில் பெட்டி என் மடியில் ஒழுகியது. மணலூர்பேட்டை வந்தபோது ஆற்றின் பக்கமே அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொன்றரைக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பங்குச்சாமியாரிடம் கேட்டு வைத்திருந்த நாளை இரு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு இலை போட்டார்கள். கிழங்கான் வறுவல், தலைக்குழம்பு. அக்கா முந்தின இரவே வைத்த குழம்பு. புளி ஊறி மணம் தெருவரைக்கும் போயிருந்தது. பெரிய தலை சவரிமுத்துவின் இலைக்கு வந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். கடலோரத்துக்காரருக்குத் தலையைப் பார்த்தால் உடம்பின் கணக்கு தெரியும். இவ்வளவு பெரிய மீனின் துண்டு ஒன்றைக்கூடக் காணோமே என்றார். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டோம் என்று அக்கா தொடங்கினாள். மாமா கை காட்டி நிறுத்திவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். கயிறு கட்டியதையும் சொன்னார். எதற்காக ஐஸில் வைக்கவில்லை என்பதையும் சொன்னார்.

யாரும் சாப்பிடவில்லை. ஜெனிபர் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சவரிமுத்து குழம்பில் விரலை வைத்தபடி யோசித்தார்.

"உங்க ஏரியில கட்டி வுட்டா அப்புடியே இருக்குமாங்க?" என்று கேட்டார்.

"ஒரு செதிலு கூடப் போவாதுங்க."

"நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க."

அதை நான் பார்க்கவேண்டும் என்றார் சவரிமுத்து. சொல்லிவிட்டு, அந்தத் தலையைக் கண்ணிலிருந்து கன்னச்சதை வரை துளி மிச்சமில்லாமல் தின்று முடித்தார். இலையோரம் சுத்தமாக இருந்ததை மாமா கவனித்தார். நானும் கவனித்தேன்.

மூன்று மணிக்கு ஏரிக்கரையில் இருந்தோம். தைமாத ஏரி நிறைந்து, மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. சம்பந்தி வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்தார். கடலூர் போய்த் திரும்பிய அதே மண்புழுவில் அவர் தூண்டிலுக்கு ஒரு விரால் மாட்டியது. மாமா செவுளில் கயிற்றைக் கோர்த்து முளையடித்துக் கட்டினார். அதற்குப் பிறகு சவரிமுத்து தூண்டிலைக் கவனிக்கவே இல்லை. கயிற்றைத் தூக்குவார், விரால் துள்ளும், திரும்ப விடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்குவார். இந்தத் தண்ணீரில் திருடனே இல்லையா என்று ஒரு முறை என்னிடம் கேட்டார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும், அந்த மீனைக் கடலூருக்கே கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். அக்கா ஓடிப்போய் ஐஸ் வாங்கிவரட்டுமா என்று கேட்டாள். உயிரோடு இருக்கிற மீனுக்கு எதற்கம்மா ஐஸ் என்று, முப்பது வருஷமாக ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துவரும் அந்த மனிதர் கேட்டார். மாமாவின் நீல வாளியில் ஏரித் தண்ணீரை நிரப்பி, விராலை அதில் விட்டு, வாளியைத் தன் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தார். பேருந்து கிளம்பும்போது மூடியைத் திறந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.