மேலே பரப்பிய மீன்

ஞாயிறுதோறும் அந்த மீன்காரர் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து வந்து எங்கள் வில்லாபுரம் முக்கில் மீன் விற்பார். வெயிலில் புருவம்கூட வெளுத்திருக்கும். பெட்டியில் எப்போதும் பெரிய மீன்களை மேலே பரப்பி வைப்பார். ஏமாற்றுகிறார் என்று நினைத்து ஒருநாள் கையை விட்டுக் கிளறினேன். அடியில் விரல் நீளத்தில் விளைமீன் குஞ்சுகள் கிடந்தன.

“இதைத் தலையில கட்டத்தான் மறைச்சு வச்சீங்களா?”

“இல்லண்ணே. தீவோரம் குஞ்சு வளருற எடம், வலை போடக் கூடாதுன்னு தடை இருக்கு. நாங்கதான் போய் அள்ளிட்டு வாரோம். பாக்க எனக்கே கூசுது, அதான் மூடி வைக்கிறேன்.”

“இம்புட்டுப் பொடிசை யாரு வாங்குவா?”

தயங்கினார். “வறுவலுக்குன்னு உங்க சம்சாரம், நம்ம மதினிதான் வாராவாரம் கேட்டு வாங்குறாங்க.”

பிறகு பெரிய மீன்களை எடுத்துக் குஞ்சுகளை மறுபடி மூடத் தொடங்கினார். நானும் கூடச் சேர்ந்து மூடினேன்.