அரிசி மூட்டையும் மலை இறக்கமும்

ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்ட நாங்கள் மலை இறக்கத்தில் அகப்பட்டுக்கொண்டோம். காருக்குப் பின்னால் கொளுவியிருந்த காரவன், எங்கள் விடுமுறைச் சக்கரவீடு, இரண்டு பக்கமும் ஆடியது. ஓரமாக நிறுத்தினேன். இறங்கப் பயம்; திருப்ப இடமில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் அழுதார்கள்.

கோடையிலும் கம்பளித் தொப்பி போட்ட தமிழர் ஒருவர் தன் காரை நிறுத்திவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து காரவனுக்குள் பார்த்தார். பின்மூலையில் அரிசி மூட்டைகள், சட்டிகள், கிரைண்டர்.

"என்ன தங்கச்சி, கலியாண வீட்டுச் சமையலோ?"

"லீவுக்கு, அண்ணை."

"பாரம் பின்னுக்கு இருந்தா ஆட்டும். சில்லுக்கு நேரை, கீழை வைப்பம்."

இருவருமாக எல்லாவற்றையும் சக்கரங்களுக்கு நேர் மேலே, தரையோடு மாற்றிவைத்தோம்.

"நான் முன்னுக்குப் போறன். மெல்ல வாங்கோ."

அவருடைய காரையே பார்த்தபடி இறங்கினேன். காரவன் ஆடவில்லை. அடிவாரத்தில் கையசைத்தவர், காரைத் திருப்பி மறுபடி மலையேறினார். அவர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தவர் என்பது, பதற்றத்தில் எதையும் கவனிக்காத எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று அவருக்காக மேலே யார் காத்திருந்தார்களோ, இன்னும் யோசிக்கிறேன்.