ரேடியேட்டருக்கு ஊற்றிய கள்

புதுச்சேரியை ஒட்டிய பாகூர் கொம்யூனில் சொந்தமாக லாரி வைத்திருந்த முதல் குடியானவன் நான்தான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. மாட்டுவண்டியில் வெல்லம் ஏற்றிப் பிழைத்தவன், ஒரு துரை கழித்துப்போட்ட சின்ன லாரியை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியே எஞ்சின் வேலை கற்றேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்தப் பக்கம் எந்த வண்டி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட என் வண்டியே, என் அண்ணனைச் சுமந்து போகும்போது நடுவழியில் நின்றது.

பங்குனி வெயில். குருவிநத்தத்தில் மாடு சுற்றும் கரும்பு ஆலை உருளைக்குள் அண்ணனின் வலது கை போய்விட்டது. மாட்டை நிறுத்தி, பின்னுக்குத் திருப்பி எடுத்தபோது சதை எது எலும்பு எது என்று தெரியவில்லை. அண்ணி முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். வண்டியின் பின்தட்டில் வைக்கோல் பரப்பி அண்ணனைப் படுக்கவைத்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

பாகூர் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. முன்னால் தடதடவென்று சத்தம். ஆவி கண்ணாடியை மூடிவிட்டது. ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட் முறிந்து, அது பின்னால் சாய்ந்து காற்றாடியில் மோதியிருந்தது. காற்றாடியின் றெக்கை ரேடியேட்டரில் இரண்டு குழாயைக் கிழித்திருந்தது. தண்ணீரெல்லாம் மண்ணில்.

கிழிந்த குழாய்களைக் குறட்டால் நசுக்கி, மேலே சோப்பைப் பிசைந்து அப்பினேன். ரேடியேட்டரை முன்னுக்கு இழுத்து, கரும்புக் கட்டுக் கயிற்றால் முன்கம்பியோடு பிணைத்தேன். அத்தனை வேகமாக வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

பக்கத்துப் பனந்தோப்பில் ஒரு கள்ளுக்கடை. கடைக்காரர் நிழலில் இருந்த பானைத் தண்ணீரைத் தூக்கிவந்தார். தொட்டேன், சில்லென்றிருந்தது. கீழே வைத்தேன்.

"ஊத்துப்பா! இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்று அண்ணி கத்தினார்.

"எஞ்சின் நெருப்பா கெடக்குது அண்ணி. பச்சத் தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிடும். கொஞ்சம் ஆறட்டும்."

"இங்க அவரு ஒடம்பு சில்லுனு ஆவுது, நீ இரும்பு ஆறணுங்கிற!"

எஞ்சினில் கை வைத்தேன். சுட்டது. மறுபடி வைத்தேன். சுட்டது. அண்ணனின் முனகல் நின்றிருந்தது. அண்ணி அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். ஊரார் வண்டியை எல்லாம் கிளப்பிவிட்டவன், என் அண்ணனுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கடை வாசல் வெயிலில் கள்ளுப் பானைகள் நுரைத்துக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. அந்த யோசனை எனக்கு மட்டும்தான் வந்திருக்கும்.

"அத்தக் குடுங்க."

"இன்னாபா, இந்த நேரத்துலயா குடிக்கப் போற?"

"எஞ்சினுக்கு."

கடைக்காரர் பின்தட்டில் கிடந்தவரைப் பார்த்தார். "அதுக்குப் போதை ஏறினா வழி தெரியுமாடா?" என்றபடியே பானையைத் தூக்கிவந்தார்.

எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. புளித்த ஆவி முகத்தில் அடிக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டினேன். வண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்கவில்லை.

டாக்டர் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார். உயிர் தங்கியது.

"அப்பவே தண்ணி ஊத்தியிருந்தா கை இருந்திருக்கும் இல்ல?" என்று அண்ணி கேட்டார்.

"எஞ்சின் வெடிச்சிருந்தா அண்ணனே இருந்திருக்க மாட்டாரு அண்ணி."

எஞ்சின் விஷயத்தில் என் சொல் பொய்த்ததில்லை. கட்டிலில் அண்ணன் கண்ணை மூடிக்கிடந்தார். அந்தத் தோள் பக்கம் பார்க்க முடியாமல், புது போல்ட் தேடுவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.